கைப்பிடிக் கம்பியில் ஒரு கிளிப்

மார்ச் 3

மேல் வீட்டு அண்ணனுக்கு,

போன மாதம் நாம் இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று கத்தியது எதிர்க் கட்டிடம் வரை கேட்டதாம். என் தையல் மிஷின் ஓடினால் உங்கள் கட்டில் நடக்கிறது என்றீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் என் தலையில் சொட்டுகிறது என்றேன். "இனிமே உங்ககூட எனக்குப் பேச்சே கிடையாது" என்று கதவைச் சாத்தியது நீங்கள்தான். சரி, பேச்சு வேண்டாம். எழுத யாரும் தடை போடவில்லையே. கைப்பிடிக் கம்பியில் ஒரு துணிக் கிளிப் மாட்டியிருக்கிறேன். பதிலை அதிலேயே மாட்டிவிடுங்கள்.

மிஷினுக்கு நேர் மேலே சீலிங்கில் இருந்த கறை போன மாதம் உள்ளங்கை அகலம்தான். நேற்று ஸ்டூல் போட்டு ஏறி டேப் வைத்து அளந்தேன். இருபத்தெட்டு அங்குலம். நடுவில் சொட்டும் சொட்டுகிறது. எனக்கு வந்திருப்பதோ ஆஸ்பத்திரி வேலை, அறுபது நர்ஸ் கோட்டு, எல்லாம் தூய வெள்ளை. முப்பதாம் தேதி கொடுக்க வேண்டும். ஒரு கோட்டில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் வேலை வேறு கடைக்குப் போய்விடும். அது போனால் நானும் என் மகளும் இந்த வீட்டில் இருக்க வழியில்லை. மிஷினை நகர்த்தவும் இடமில்லை. உள் அறையில் மகளின் கட்டிலைத் தாண்டி ஒரு ஆள் போக வேண்டுமானால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டும்.

நம் வீட்டுக்காரர் கல்லுளிமங்கனுக்கு இதுவரை இரண்டு கடிதம் போட்டேன். போன் செய்தால் யாரோ எடுக்கிறார்கள், மூச்சு கேட்கிறது, "ம்" என்கிறார்கள், வைத்துவிடுகிறார்கள். சாவி கொடுத்த அன்றே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. நாமெல்லாம் நாறுகிறோம் என்பது போலக் கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு நின்றார். "எதுன்னாலும் எழுத்துல போடுங்க" என்று அதற்குள்ளிருந்து முனகியதோடு சரி.

குடியிருக்கும் நாம் இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் பயம் வரும். கடிதத்தை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கீழ் வீடு


மார்ச் 4

கீழ் வீட்டுத் தங்கச்சிக்கு,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்காகச் சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கட்டில் இன்னும் நடக்கிறது.

நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். என் வீட்டில் ஒரு குழாயும் ஒழுகவில்லை. தரையெல்லாம் துடைத்து வைத்தது போல உலர்ந்து கிடக்கிறது. கோளாறு சுவருக்குள்ளே ஓடும் பழைய பைப்பில்தான் இருக்க வேண்டும். அது வீட்டுக்காரர் பொறுப்பு, என்னுடையது அல்ல. நானும் அவருக்குத் தனியாக எழுதிப் பார்த்தவன்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு திருத்தம். "நேரில் வந்து இரண்டு வீட்டையும் பார்வையிட வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். "கீழ் வீட்டை" என்று மாற்றியிருக்கிறேன். கறை கீழேதானே இருக்கிறது? மாடிக்கு வந்து அவர் பார்க்க என்ன இருக்கிறது? என் மனைவி மகன் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போய் இரண்டு மாதமாகிறது. ஒற்றை ஆள் இருக்கும் வீடு, போட்டது போட்டபடி கிடக்கிறது. கடிதத்தை நீங்களே தபாலில் சேர்த்துவிடுங்கள்.

மேல் வீடு


மார்ச் 9

அண்ணனுக்கு,

கடிதம் போட்டு ஐந்து நாள். பதில் இல்லை. ஆனால் வேறொன்று நடந்தது. நீங்கள் சனிக்கிழமை வெளியே போயிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கேட்டைத் திறந்துகொண்டு ஒருவன் வந்தான். தோளில் பை. வணக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்துச் சந்தில் நுழைந்து சுவர் ஓரமாக டேப்பை நீட்டி அளக்க ஆரம்பித்துவிட்டான். கீழிருந்து மேலே, மூலையிலிருந்து மூலைக்கு. அளந்து அளந்து நோட்டில் குறிக்கிறான். "யாருப்பா நீ?" என்றேன். "ஓனர் பாத்துட்டு வரச் சொன்னாருங்க" என்றான். "என்னத்தைப் பாக்க?" என்றால், "அளவு பாக்கணும், மேலயும் போகணும்" என்கிறான்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டை விற்கப் போகிறார், அண்ணே. அதனால்தான் கடிதத்துக்குப் பதில் இல்லை, போனுக்குப் பதில் இல்லை. ஒழுகி ஒழுகி நாமே காலி செய்துகொண்டு போகட்டும் என்று காத்திருக்கிறார். இருபது வருஷமாக டேப் பிடிக்கிறவள் நான். சட்டைக்கு அளவெடுக்கிறவன் யார், ஆளைக் கிளப்ப அளவெடுக்கிறவன் யார் என்று எனக்குத் தெரியாதா? "குடியிருக்கறவங்க உயிரோட இருக்கும்போதே அளவெடுக்க வந்துட்டியா? போடா வெளியே!" என்று சத்தம் போட்டேன். கையில் வெட்டுக் கத்தரி இருந்தது, நான் ஓங்கவில்லை, சும்மா இருந்தது. அவன் பையைக்கூட மூடாமல் ஓடினான்.

இனி யார் வந்தாலும் நீங்களும் மாடிக்கு விடாதீர்கள்.

கீழ் வீடு


மார்ச் 11

தங்கச்சிக்கு,

மிக நல்ல காரியம் செய்தீர்கள். அவனை மாடிப்படியில் கால் வைக்க விடாததற்கு உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். நானும் விற்கப் போகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும், கேட்காமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஐந்தாம் தேதி காலையில் படிக்கட்டு அடியில் ஒரு கவர் விழுந்து கிடந்தது. உங்கள் கையெழுத்து, வீட்டுக்காரர் விலாசம். நம் கூட்டுக் கடிதம் நாலாம் தேதியே போய்விட்டதாகச் சொன்னீர்கள். அப்படியானால் இது என்ன? நான் கவரைப் பிரிக்கவில்லை. எடுத்துக் கிளிப்பிலேயே மாட்டிவிட்டேன். அரை மணியில் காணாமல் போய்விட்டது.

போன வருஷம் என் மனைவியிடம் நீங்கள் கேட்டது ஞாபகம் வருகிறது. "உங்க வீட்டு முன்னறையில வெயில் நல்லா விழும் இல்லக்கா? பெரிய மேசை போட இடமிருக்கும் இல்ல?" அன்றைக்கு ஏதோ பேச்சுக்குக் கேட்கிறீர்கள் என்று நினைத்தோம். இப்போது அந்தக் கேள்வி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

மேல் வீடு


மார்ச் 16

மேல் வீட்டுக்காரருக்கு,

என் கவரைப் பற்றிக் கேட்டீர்கள். அது என் சொந்த விஷயம். நீங்கள் கேள்வி கேட்க ஆரம்பித்ததால் நானும் கேட்கிறேன்.

ஒரு வாரமாக நான் தையலோடு துப்பறியும் வேலையும் பார்க்கிறேன். நீங்கள் காலையில் குளிக்கும்போது சீலிங் சொட்டுவதில்லை. பாத்திரம் கழுவும்போதும் இல்லை. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் சொட்டுகிறது. அதற்குச் சற்று முன்னால்தான் உங்கள் வீட்டில் "கிர்ர்" என்று ஒரு சத்தம் கேட்கிறது. கேட்டால் மிக்சி என்பீர்கள். ஒற்றை ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை தடவை ஐயா மிக்சி?

இன்னொன்று. சொட்டுக்கு அடியில் கருநீலத் துணி ஒன்றை விரித்து வைத்தேன். ஈரம் காய்ந்ததும் துணியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்து மொடமொடவென்று நிற்கிறது. கஞ்சி என்றால் தேய்த்ததும் மடங்கும். இது மடக்கினால் ஒடிகிறது. தண்ணீர் காய்ந்தால் இப்படிக் கல்லாகுமா? நீங்கள் ஏதோ டாக்டர் ஆபீசில் வேலை என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் எந்த நாளும் நீங்கள் ஆபீசுக்குப் புறப்பட்டு நான் பார்த்ததில்லை. மேலே என்ன நடக்கிறது?

கறை முதலில் வந்தது அக்கா ஊருக்குப் போன மாதம். இதையும் நாள்காட்டி பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி நீங்கள் தெருமுனைத் தபால் பெட்டிக்குப் போனதை என் மகள் பார்த்திருக்கிறாள். "அந்த மாமா மூணு தடவ சுத்தி சுத்திப் பாத்துட்டுப் போட்டாரும்மா" என்றாள். மடியில் கனமில்லாதவருக்கு வழியில் ஏன் பயம்?

கீழ் வீடு


மார்ச் 17

அம்மா,

வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. பழைய சீலிங்கில் சுண்ணாம்பு இருக்கும், தண்ணீர் பட்டால் கரையும். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். சத்தம் மிக்சிதான். எனக்குப் பல் சரியில்லை, எதையும் அரைத்துத்தான் சாப்பிடுகிறேன். நான் தபால் பெட்டியில் போட்டது என் மகனுக்கு எழுதிய கடிதம்.

வீட்டுக்காரருக்கு இனி நீங்கள் எழுத வேண்டாம். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். பெண்பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், இந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

மேல் வீடு


மார்ச் 21, காலை

மேல் வீட்டுக்காரருக்கு,

சத்தம் கேட்டிருக்கும். கேட்காதது போல இருந்தீர்கள்.

எட்டே காலுக்குச் சீலிங் காரை பெயர்ந்து விழுந்தது. ஒரு முறம் அகலத்துக்கு, நேராக மிஷின் மேல். என் மகள் அங்கே உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அவள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் விழுந்துவிட்டது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகு ஒடிந்து கிடக்கிறது. வந்து பாருங்கள் என்று சொல்லமாட்டேன். நீங்கள் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை.

ஒன்பது கோட்டு சேறாகிவிட்டது. இன்னும் பதினெட்டு தைக்க வேண்டும், தைக்க இடமில்லை.

நாளை மறுநாள் நான் நேராக வீட்டுக்காரர் வீட்டுக்கே போகிறேன். அந்த மொடமொடத் துணியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் வாயைத் திறக்கும் வரை வாசலில் உட்காருவேன். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றீர்களே, நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள்.

கீழ் வீடு


மார்ச் 21, மாலை

தங்கச்சிக்கு,

காலையில் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கதவு வரை வந்தேன். திறக்கத் தைரியம் வரவில்லை.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார், அதில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றினால் கல்லாகி அந்த ஆளுடைய வாய் அப்படியே என் மேசைக்கு வந்துவிடும். அதை வைத்துப் பல் கட்டி, ராவி, மெருகு போடுவேன். கிர்ர் சத்தம் அதுதான். வீட்டில் பட்டறை வைக்கக் கூடாது என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில், நாளெல்லாம் ராவுகிற ஒருத்தனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அதனால்தான் யாரையும் மாடிக்கு விடவில்லை.

கிண்ணத்தில் மிஞ்சும் மாவைப் பட்டறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வாளியில் கழுவி, ஒரு நாள் விட்டு, அடியில் தங்கும் கல்லைத் தனியே கொட்ட வேண்டும். அந்த வாளியை இருபத்தைந்து வருஷமாக என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு நான் சோம்பேறித்தனத்தில் தொட்டியிலேயே கழுவினேன். மாவு பைப்புக்குள் போய் இறுகி, தண்ணீர் போக வழியில்லாமல் இணைப்பை உடைத்துக்கொண்டு உங்கள் சீலிங்குக்குள் இறங்கியிருக்கிறது. பன்னிரண்டாம் தேதி தொட்டிக்கு அடியில் கழற்றிப் பார்த்தேன். பைப்பின் வளைவு அப்படியே வெள்ளைக் கல்லாக என் கையில் வந்தது. நான் எடுத்ததிலேயே பிசிறில்லாத அச்சு அதுதான். மேலே உள்ளதைத்தான் என்னால் எடுக்க முடிந்தது. சுவருக்குள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது. மனைவியிடம் போனில் சொன்னேன். "தொட்டியில கழுவாதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டுத்தானே வந்தேன்" என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி தெரிந்தும் பதினேழாம் தேதி உங்களிடம் பொய் சொன்னேன். இன்று அந்த நாற்காலியில் பிள்ளை இருந்திருந்தால்? இன்றிலிருந்து தொட்டியில் ஒரு சொட்டு விடவில்லை. கழுவும் தண்ணீரை எல்லாம் வாளியில் சுமந்து கீழே கொண்டுபோய்க் கொட்டுகிறேன்.

என் முன்னறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் உண்டு, மேசையும் உண்டு. வீட்டுக்காரரிடம் போவதைத் தடுக்கும் யோக்கியதை எனக்கில்லை.

மேல் வீடு


மார்ச் 23

மேல் வீட்டுக்காரருக்கு,

போய் வந்தேன்.

அவரே கதவைத் திறந்தார், அதே கைக்குட்டையோடு. நான் வாசலிலேயே பொரிந்து தள்ளினேன். அவர் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து எழுதிக் காட்டினார்: "உட்காருங்கள்." மேசையில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் பல் செட் கிடந்தது. எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. அவருக்குப் பல் செட் பொருந்தவில்லை. பேசினால் நழுவுகிறது. போட்டால் அசிங்கம், போடாவிட்டால் வார்த்தை குழறுகிறது. மூன்று வருஷமாக அந்த மனிதர் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறார், நாம் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஒரு பைல் எடுத்து வைத்தார். நம் கடிதம் ஒவ்வொன்றும் வந்த தேதி போட்டு வரிசையாக இருக்கிறது. நாலாம் தேதிக் கடிதம் கிடைத்த உடனே ஆள் அனுப்பியிருக்கிறார். ஆம், அவன்தான். பைப் வேலைக்காரன். எத்தனை அடி பைப் வேண்டும் என்று அளந்தவனை நான் கத்தரிக்கோலோடு துரத்தியிருக்கிறேன். டேப் பிடித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று உங்களிடம் பெருமை வேறு. அவன் அன்றைக்கே மாடிக்குப் போய்ப் பார்த்திருந்தால் என் சீலிங் விழுந்திருக்காது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு இன்னொரு கடிதத்தை நகர்த்தி வைத்தார். பதின்மூன்றாம் தேதி, உங்கள் கையெழுத்து. கீழ் வீட்டுத் தையல் மிஷின் அதிர்வால்தான் பைப் உடைந்தது, அவர்களைக் காலி செய்யச் சொன்னால்தான் கட்டிடம் தப்பும் என்று. முதல் நாள் அந்தக் கல்லைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் இதை எழுதியிருக்கிறீர்கள். போன கடிதத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டீர்கள், இதைத் தவிர. மகனுக்கு எழுதிய கடிதமாம்.

எழுந்து நின்று உங்கள் பட்டறைக் கதையைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். அவர் அதற்கு முந்தைய தாளைத் திருப்பினார். ஐந்தாம் தேதி, என் கையெழுத்து. மேலே ஒற்றை ஆளுக்கு அவ்வளவு இடம் எதற்கு, அவரை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டு மாடியை எங்களுக்குக் கொடுங்கள் என்று. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான். நானும் உங்களைச் சந்தேகப்பட்டது சரிதான். நாம் தப்பாகச் சந்தேகப்பட்டது அவர் ஒருவரைத்தான். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் இரண்டையும் அவர் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார். "யாரை நம்புவது என்று தெரியவில்லை. அதனால் சும்மா இருந்தேன்" என்று எழுதினார்.

"மேலே என்ன வேலை நடக்கிறது?" என்று கடைசியாக எழுதிக் கேட்டார். மொடமொடத் துணி என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. "அத அவரையே கேளுங்க, எழுத்துல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கருணை என்று நினைக்க வேண்டாம். என் கடிதத்தைப் பார்த்த பிறகு எனக்கு வாய் எழவில்லை.

வியாழக்கிழமை பைப்காரனை மறுபடி அனுப்புகிறார். அவன் மாடிக்கு வருவான். பட்டறையை மறைப்பதோ காட்டுவதோ உங்கள் பாடு.

கீழ் வீடு


மார்ச் 26

தங்கச்சிக்கு,

மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நானே அவர் வீட்டுக்குப் போனேன். சொல்ல வாய் வராது என்று அந்தப் பைப் கல்லைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போய் மேசையில் வைத்தேன். பக்கத்தில் என் தொழிலையும், நான் உங்கள் மேல் எழுதியது பொய் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்தேன். கல்லை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கிண்ணத்திலிருந்து பல் செட்டை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். கேள்வி அதுதான்.

இடது பக்கம் உயரம் கூடிப் போயிருக்கிறது. கட்டியவன் அச்சைச் சரியாக வாங்கவில்லை. நேற்று எங்கள் டாக்டரிடம் அழைத்துப் போய்ப் புதிதாக அச்சு எடுத்தோம், மாவு ஊற்றியாகிவிட்டது. வாளியில்தான் கழுவினேன். இன்னும் இரண்டு வாரத்தில் அவர் பேசுவார். பேச ஆரம்பித்ததும் முதலில் நம் இரண்டு பேரையும்தான் திட்டுவார், தயாராக இருங்கள். பட்டறை இருக்கலாம், இன்னொரு சொட்டு விழுந்தால் இரண்டு பேருமே கிளம்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

பைப்காரன் இன்று வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "அந்தம்மா வீட்ல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான்.

அந்தப் பதின்மூன்றாம் தேதிக் கடிதத்தை எழுதும்போது என் கை நடுங்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு அவமானமாக இருக்கிறது. மன்னிப்பு என்று எழுதிக் கிளிப்பில் மாட்டுவது லேசு, அதனால் இங்கே எழுதவில்லை. மேசையைத் துடைத்து முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். கதவு திறந்திருக்கிறது. முப்பதாம் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது.

மேல் வீடு


மார்ச் 26

அண்ணனுக்கு,

வருகிறோம். மிஷினைத் தூக்க ஒரு கை கொடுங்கள். கட்டில் நடந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. நீங்களும் என்னை நம்ப வேண்டாம். அந்த வாளி மேல் எனக்கு ஒரு கண் இருக்கும், உங்கள் முன்னறை மேல் உங்களுக்கு ஒரு கண் இருக்கட்டும்.

இதைக் கதவடியில் தள்ளிவிடுகிறேன். கம்பியில் கிளிப்பைத் தேடாதீர்கள், நான் எடுத்துக்கொண்டேன். கறை போகத் துவைத்த ஒன்பது கோட்டும் உங்கள் மாடி வெயிலில் காய வேண்டும், ஒரு கிளிப் குறைகிறது.

கீழ் வீடு